டெலிடப்பீஸில் ஒரே படம் இரண்டு தடவை: உத்தியா, சிக்கனமா?

கணக்குப்புலி:
பிரிட்டிஷ் குழந்தைத் தொடர் தயாரிப்பாளர் ஆன் வுட்டை ஆளாளுக்கு மேதை என்கிறீர்கள். 1997 மார்ச் 31-இல் பிபிசியில் தொடங்கிய, அவருடைய மழலையர் தொடரான டெலிடப்பீஸை எடுத்துக்கொள்வோம். டெலிடப்பி என்ற பொம்மை உருவங்களின் வயிற்றுத் திரையில் ஒரு சிறு படம் ஓடும். முடிந்ததும் "மறுபடி, மறுபடி!" என்று குதிப்பார்கள், அதே படம் அப்படியே திரும்ப ஓடும். சுழலும் காற்றாடி, டாட்டா காட்டும் காட்சி எல்லாம் ஒருமுறை எடுத்துவைத்து தினமும் ஒட்டியவை. 365 பகுதிகளை நிரப்ப இதைவிட மலிவான வழி உண்டா?

மழலைமொழி:
மலிவுதான் நோக்கம் என்றால் அரங்குக்குள் எடுத்திருப்பார். இங்கிலாந்தின் வார்விக்‌ஷயர் வயலில் குவிமாட வீடு கட்டி, மழையும் வெயிலும் மாறும் ஊரில் வெளிப்புறப் படப்பிடிப்பு எதற்கு? அந்த வயலில் திரியும் முயலைக்கூட யோசித்திருக்கிறார்கள். டெலிடப்பி உடை போட்ட ஆள் மிக உயரம். சாதாரண முயலை அருகில் விட்டால் பொம்மை பூதமாகத் தெரியும். அதனால்தான் பிளெமிஷ் ஜெயன்ட் என்ற பெரிய இனம்.

இரண்டாம் ஓட்டத்துக்கு வருவோம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு முதல் தடவை "இது என்ன?" என்று பிடிபடவே நேரம் போய்விடும். அடுத்த தடவைதான் "இனி இது வரும்" என்று முந்திக்கொண்டு கை நீட்டும். இணைப் படைப்பாளி ஆண்ட்ரூ டேவன்போர்ட் பேச்சு அறிவியல் படித்தவர். குழந்தைகள் பார்ப்பதையே படம்பிடித்து ஆராய்வதும் ஆன் வுட்டின் தயாரிப்பு நிறுவனமான ராக்டாலின் வழக்கம்.

கணக்குப்புலி:
இரண்டு வயதுக்குக் கீழே தொலைக்காட்சியே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 1999-இலேயே சொல்லிவிட்டதே! நேரில் ஓர் ஆள் செய்துகாட்டினால் கற்கும் அளவுக்கு அந்த வயதில் திரையிலிருந்து கற்பதில்லை.

மழலைமொழி:
சரி. ஆனால் அந்தக் குறையை ஆராய்ந்தவர்களே, திரையில் செய்துகாட்டுவதை இருமடங்காக்கினால் குழந்தை அதைப் பார்த்துச் செய்வது கூடுகிறது என்றும் கண்டார்கள். அமெரிக்க நிக்கலோடியன் சேனலின் புளூஸ் க்ளூஸ் என்ற குழந்தைத் தொடர் ஒரே பகுதியை வாரத்தில் ஐந்து நாள் போட்டது. அது சற்றே பெரிய குழந்தைகளுக்கு என்பதால் அப்படியே பொருத்தமாட்டேன்.

பழையகோப்பு:
இரண்டு பேரும் 1997-இலேயே நிற்கிறீர்கள். ஆன் வுட் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், 1965-இல் குழந்தை நூல்களுக்காக இதழ் தொடங்கியவர். யார்க்‌ஷயர் தொலைக்காட்சி, டிவி-ஏஎம் என்று போய், 1984-இல்தான் ராக்டால். ராக்டாலின் ரோஸி அண்ட் ஜிம், டாட்ஸ் டிவி தொடர்கள் எல்லாம் டெலிடப்பீஸுக்கு முந்தியவை. எல்லாவற்றையும்விட, படைப்பின் உரிமையை நிறுவனத்திடமே வைத்துக்கொண்டார். ஒளிபரப்புக் கட்டணத்தை மட்டும் நம்பும் சிறு தயாரிப்பாளர் அடுத்த ஆர்டர் வராவிட்டால் கடையைக் கட்டவேண்டியதுதான். பொம்மை, புத்தகம், வெளிநாட்டு விற்பனையில் வருவதுதான் இடைவெளியைத் தாங்கும்.

கணக்குப்புலி:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! 2006-இல் பிபிசியின் வணிகப் பிரிவான பிபிசி வேர்ல்ட்வைடுடன் கூட்டு நிறுவனம், 2013-இல் அது கனடாவின் டிஎச்எக்ஸ் மீடியாவுக்கு 1.74 கோடி பவுண்டுக்கு விற்பனை. வியாபாரி.

மழலைமொழி:
வியாபாரிதான். அவசரக்கார வியாபாரி அந்த இரண்டாம் ஓட்டத்தைத்தான் முதலில் வெட்டியிருப்பார், பெரியவர்களுக்குச் சலிக்கிறதே என்று.