காரணியைக் காணாமலே ஓர் எண்ணைப் பகு எண் என்று சொல்ல முடியுமா?

கேள்வி:
30 இலக்கங்கள் கொண்ட ஓர் ஒற்றைப்படை எண்ணை ஆராய்ந்து வருகிறேன். ஒரு லட்சத்துக்கு உட்பட்ட பகா எண் எதுவும் அதை மீதியின்றி வகுக்கவில்லை. வர்க்கமூலம் வரை தொடர்வதென்றால் பல லட்சம் கோடி வகுத்தல்கள் தேவைப்படும். கணினி நிரலோ நொடிப்பொழுதில் ‘பகு எண்’ என்று விடை தருகிறது. ஒரு காரணியைக்கூடக் காட்டவில்லை. இதை நம்பலாமா?

மறுமொழி 1:
தாராளமாக நம்பலாம். பகு எண் என்று நிறுவுவதும் காரணிகளைக் கண்டறிவதும் வெவ்வேறு வேலைகள். ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தின்படி, ஓர் ஒற்றைப்படைப் பகா எண்ணைவிட ஒன்று குறைவான எண்ணை அடுக்காகக் கொண்டு 2-ஐ உயர்த்தி, அந்தப் பகா எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வந்தே தீர வேண்டும். 91-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2-இன் 12ஆம் அடுக்கான 4096-ஐ 91-ஆல் வகுத்தால் மீதி 1. 90 என்பது ஏழு பன்னிரண்டும் ஓர் ஆறும் என்பதால், 2-இன் 90ஆம் அடுக்குக்கு மீதி 64. ஒன்று வரவில்லை, ஆகவே 91 பகா எண் அன்று. இதில் 7, 13 என்ற காரணிகள் எங்குமே தலைகாட்டவில்லை. உங்கள் எண்ணுக்கும், ஒவ்வொரு படியிலும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு ஏறத்தாழ நூறு முறை வர்க்கப்படுத்தினால் போதும்.

2-இன் 67ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண் பகு எண் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூகாஸ் 1876-இல் தம் முறையால் காட்டிவிட்டார்; அதன் காரணிகளான 193707721, 761838257287 ஆகியவற்றை 1903-இல்தான் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் வெளியிட்டார்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரியே. ஆனால் மீதி 1 வந்தால் பகா எண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 341 என்பது 11, 31 ஆகியவற்றின் பெருக்கற்பலன்; இருந்தும் 2-ஐ வைத்துச் சோதித்தால் மீதி 1 வந்துவிடும். 561-ஓ தன்னோடு பொதுக்காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் தப்பிவிடும். இந்த ஓட்டையை அடைப்பதுதான் மில்லர்–ராபின் சோதனை. 340-ஐ இரண்டால் முடிந்தவரை வகுத்தால் 85 கிடைக்கும். 2-இன் 85ஆம் அடுக்கை 341-ஆல் வகுத்தால் மீதி 32. அதை வர்க்கப்படுத்தினால் 1024, அதாவது மீதி 1. எண் பகாவாக இருந்தால் 1-க்கும் 340-க்கும் மட்டுமே வர்க்கத்தின் மீதி 1 ஆக முடியும். 32 இடையில் புகுந்ததால் 341-இன் வேடம் கலைந்துவிட்டது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நிரல் ‘பகா எண்’ என்று சொல்லியிருந்தால்?

மறுமொழி 3:
அப்போதுதான் கவனம் வேண்டும். மில்லர்–ராபின் சோதனையில் பகு எண் ஒன்று, தற்போக்காகத் தேர்ந்த ஓர் அடிமானத்திடம் (மேலே 2 போல, அடுக்குக்கு உயர்த்தும் எண்ணிடம்) தப்புவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கு மேல் இல்லை. இருபது அடிமானங்களிடமும் தப்ப லட்சம் கோடியில் ஒரு வாய்ப்புகூட இல்லை. முழு நிரூபணமே வேண்டுமென்றால் நீள்வட்ட வளைகோட்டு முறையை நாடுங்கள். கான்பூர் ஐஐடியைச் சேர்ந்த அகர்வால், கயால், சக்சேனா மூவரும் 2002-இல் அளித்த வழிமுறை கோட்பாட்டளவில் மகத்தானது என்றாலும், நடைமுறையில் அதைவிட நீள்வட்ட முறையே வேகமானது. உங்கள் எண் பகு எண் என்று தெரிந்துவிட்டதால், அதே நிரலில் காரணிப்படுத்தும் கட்டளையைத் தனியே இயக்குங்கள். 30 இலக்கம் இன்றைய கணினிக்குப் பெரிய சுமையன்று.