முதுகுத்தண்டு ஜெல் ஊசி: மனுஷங்களுக்கு வந்தாச்சா?

தென்காசி_மல்லி:
என் தம்பி தென்னை மரத்துல இருந்து விழுந்து மூணு வருஷம் ஆச்சு. முதுகெலும்புல டி10-ங்கிற பத்தாவது மார்பு எலும்புல அடி, இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. சொந்தக்காரர் ஒருத்தர் வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ அனுப்பினார். பின்னங்காலை இழுத்துக்கிட்டுப் போன எலி, ஒரே ஊசியில நடக்குது. அதே ஊசியை ஒரு இடத்துல அஞ்சு லட்சத்துக்குப் போடுறாங்களாம். அம்மா வயலை வித்துடலாம்னு நிக்கிறாங்க. நம்பலாமா?

ஜெல்_பையன்:
அக்கா, எலி நடந்தது நிஜம். அமெரிக்காவுல நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல சாமுவேல் ஸ்டப் குழு செஞ்சது, 2021 நவம்பர்ல சயன்ஸ் இதழ்ல வந்துச்சு. நான் ஹைட்ரோஜெல்லோட மல்லுக்கட்டுற ஆராய்ச்சி மாணவன், அதனால கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கோங்க.

ஊசிக்குள்ள தண்ணியாட்டம் இருக்கும். உள்ள போனதும் மெல்லிய நார்களா இறுகி ஜெல்லாகிடும். அந்த நார்ல ரெண்டு பெப்டைடு (குட்டிப் புரதத் துண்டு) சமிக்ஞை. ஒண்ணு அறுந்த நரம்பிழையை வளரத் தூண்டும், இன்னொண்ணு ரத்தக்குழாய் வளர்றது மாதிரி மத்த வேலைகளைக் கவனிச்சுக்கும். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம்: மூலக்கூறுகள் நாருக்குள்ள எவ்வளவு துள்ளுதோ அவ்வளவு பலன். செல் மேல இருந்து சமிக்ஞையை வாங்குற ஏற்பிகளும் சும்மா இருக்காதே, ரெண்டும் ஆடினாத்தானே சந்திக்கும்! பன்னிரண்டு வாரத்துல ஜெல் தானா கரைஞ்சும் போயிடுது.

ஆனா ஊசி போட்டது அடிபட்ட மறுநாள். மூணு வருஷப் பழைய காயத்துல வடு இறுகி, பல பேருக்கு நடுவுல நீர் கோத்த பள்ளமே இருக்கும். அது வேற கணக்கு. இன்விவோ தெரப்யூடிக்ஸ்னு ஒரு கம்பெனி வேற ஒண்ணு செஞ்சு பாத்துச்சு: ஜெல் இல்ல, கட்டடத்துக்குச் சாரம் கட்டுற மாதிரி, காயத்துக்குள்ள அறுவைசிகிச்சை செஞ்சு வைக்கிற தாங்கி. புதுசா அடிபட்டவங்க மேலயே சோதிச்சும் 2023-ல இலக்கு எட்டல.

வீல்சேர்_முருகன்:
நானும் டி10 தாம்மா. அஞ்சு லட்சம் கேக்குறவன்கிட்ட ரெண்டே கேள்வி: சிரிஞ்சுல இருக்குற மருந்து பேரு என்ன? சோதனைன்னு சொன்னா, சி.டி.ஆர்.ஐ.ங்கிற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டுல அதோட பதிவு எண் என்ன? பல இடத்துல நம்ம இடுப்பெலும்பு மஜ்ஜையையே உறிஞ்சி ஸ்டெம்செல்னு திருப்பிப் போடுவாங்க. முதுகுத்தண்டு காயத்துக்கு ஆய்வுக்கு வெளியில அதைப் போடக்கூடாதுன்னு ஐ.சி.எம்.ஆர்.ங்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட 2017 வழிகாட்டுதல்லயே இருக்கு.

வயலை விக்காதீங்க. பக்கத்துலயே ஆய்க்குடியில அமர் சேவா சங்கம்னு மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வு மையம் இருக்கு. 1981-ல ஆரம்பிச்ச ராமகிருஷ்ணன் அவர்களுக்கே கழுத்துக்குக் கீழ அசைவு கிடையாது. தம்பிக்குப் படுக்கைப்புண் இருக்கா? ராத்திரி பிட்டத்தை செல்ஃபோன்ல படம் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. எலும்பு முட்டுற இடத்துல தோல் சிவந்து, அழுத்தினாலும் வெளுக்கலைன்னா அதுதான் ஆரம்பம்.

தென்காசி_மல்லி:
பதிவு எண் கேட்டேன் அண்ணே. "டாக்டர் நேர்ல சொல்வார்"னு போனை வச்சுட்டாங்க. ஆய்க்குடிக்குப் பழைய எம்.ஆர்.ஐ. போதுமா?

வீல்சேர்_முருகன்:
இருக்குறதை எடுத்துட்டுப் போங்க. கிட்னி ஸ்கேன் எப்ப எடுத்தீங்க? மூத்திர டியூபு எத்தனை நாளுக்கு ஒருக்க மாத்துறீங்க? அதைத்தான் முதல்ல கேப்பாங்க.