அதே பணத்தில் ஆறு சின்ன ரைடா, ஒரே ஒரு நல்ல ரைடா? தீம் பார்க் நடத்தியவர்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோவை_செல்வி:
வணக்கம். என் சித்தப்பாவும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் பதினொரு வருஷமாக ஒரு வாட்டர் பார்க் நடத்துகிறார்கள். வரவு செலவு நான்தான் பார்க்கிறேன். இப்போது விரிவாக்கத்துக்கு எட்டு கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். கேட்டலாகில் ரெடிமேடாகக் கிடைக்கும் ரைடுகளில் ஆறு வாங்கிப் போட்டு, மிச்ச இடத்தில் கடை கட்டி வாடகைக்கு விடலாம் என்கிறார் ஒரு கூட்டாளி. சித்தப்பாவுக்கு ஒரே ஒரு பெரிய ரைடு, அதைச் சுற்றி மரம், நிழல், உட்கார இடம், சுத்தமான கழிப்பறை என்று செய்ய ஆசை. கணக்கு போட்டுப் பார்த்தால் முதல் திட்டத்தில் போட்ட பணம் மூன்று வருஷத்தில் திரும்பிவிடுகிறது, இரண்டாவதற்கு ஆறு வருஷம் ஆகிறது. மனசு சித்தப்பா பக்கம், ஏடு கூட்டாளி பக்கம். பெரிய பார்க்குகள் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்தன, அப்புறம் என்ன ஆனது?

உராயசு_வாசி:
செல்வி, நீங்கள் 2001ஆம் வருஷத்தைப் பாருங்கள். அந்த ஒரே வருஷத்தில் டிஸ்னி பெயரில் இரண்டு பார்க் திறந்தன. பிப்ரவரியில் அமெரிக்காவின் அனாஹைமில், 1955இல் திறந்த பழைய டிஸ்னிலேண்டுக்கு எதிரே, அதன் கார்கள் நின்ற இடத்திலேயே கலிபோர்னியா அட்வென்ச்சர். செப்டம்பரில் டோக்கியோ பக்கம், நான் இருக்கும் உராயசுவில் டிஸ்னிசீ. முதலாவது டிஸ்னியின் சொந்தப் பணம். இரண்டாவதைக் கட்டியது ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம். வடிவமைப்பு டிஸ்னியுடையது, அதற்கு ராயல்டி போகிறது, அவ்வளவுதான்.

உங்கள் கூட்டாளியின் திட்டம் கிட்டத்தட்ட அந்தக் கலிபோர்னியா பார்க்தான். பொருட்காட்சியில் பார்க்கிற மாதிரி ராட்டினங்களை வாங்கி மேலே அலங்காரம் செய்தார்கள், கடையும் உணவகமும் நிறைய வைத்தார்கள், சின்னப் பிள்ளைகள் ஏறுவதற்கு ரொம்பக் குறைவாகத்தான் இருந்தது, ஆனால் டிக்கெட் விலை எதிரே இருந்த டிஸ்னிலேண்டுக்குச் சமம். அங்கே நின்று இரண்டையும் ஒப்பிட்ட குடும்பம் எதற்குள் போகும்? முதல் வருஷம் ஏறக்குறைய 50 லட்சம் பேர் வந்தார்கள். எதிர்ப்பக்கம் 1 கோடியே 20 லட்சத்துக்கு மேல். கடை வாடகையை நம்புகிறீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன்: உள்ளே பெயர் பெற்ற சமையல்காரர் ஒருவர் நடத்திய பெரிய உணவகம் அந்த வருஷமே மூடப்பட்டது. சீக்கிரம் சுற்றி முடித்துவிட்டு வெளியே போகிறவர் உள்ளே உட்கார்ந்து சாப்பிட மாட்டார்.

பிறகு அவசரமாகப் பிள்ளைகளுக்கான ரைடுகள் சேர்த்தார்கள், 2004இல் பெரிய ரைடு ஒன்று வந்தது, அப்போதும் நிலைமை மாறவில்லை. கடைசியில் 2007இல் 110 கோடி டாலர் செலவில் திருத்தப் போவதாக அறிவித்து 2012இல்தான் முடித்தார்கள். பார்க்கை முதலில் கட்ட ஏறக்குறைய 60 கோடி என்று சொல்வார்கள். நடுவில் போன பதினொரு வருஷத்தை யார் கணக்கில் எழுதுவது?

டிஸ்னிசீக்கு 33,500 கோடி யென் ஆனது. வாசலைத் தாண்டினால் ஒரு துறைமுகம், அதற்குப் பின்னால் 51 மீட்டர் உயர எரிமலை. ஏறி விளையாட ஒன்றுமே இல்லாத இடத்தில்கூட ஜனங்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், நானே ஒரு மழை நாளில் இரண்டு மணி நேரம் சும்மா அந்தத் தண்ணீர் ஓரம் உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் துறைமுகத்தைப் பார்த்தபடி பார்க்குக்குள்ளேயே ஒரு ஹோட்டல் கட்டினார்கள், அறை வாடகை அந்தக் காட்சிக்காகத்தான் வருகிறது. திறந்த ஒரு வருஷத்துக்குள் 1 கோடி பேர் வந்துவிட்டார்கள். 2024 ஜூனில் அதே பார்க்கில் இன்னும் ஏறக்குறைய 32,000 கோடி யென் போட்டு ஒரு புதுப் பகுதியைத் திறந்திருக்கிறார்கள்.

வட்டிக்கணக்கு:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் பாதிக் கதைதான். நன்றாகக் கட்டினால் பணம் தானாக வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாரிஸ் பக்கம் 1992 ஏப்ரலில் திறந்த யூரோ டிஸ்னி அவர்கள் கட்டியதில் மிக அழகான பார்க்குகளில் ஒன்று. டோக்கியோவில் 1983இல் சொந்தப் பணம் போடாமல் ராயல்டி மட்டும் வாங்கியதால் லாபம் கைவிட்டுப் போனது என்ற வருத்தத்தில், இங்கே 49 சதவீதப் பங்கு எடுத்தார்கள். பெரும் கடன், ஏறக்குறைய 5,200 ஹோட்டல் அறைகள். வந்தவர்கள் காலையில் வந்து சாயங்காலம் திரும்பிப் போனார்கள், அறைகள் காலியாகக் கிடந்தன. 1994இல் கடனைத் திருத்தி எழுதித்தான் தப்பித்தார்கள்.

அடி வாங்கியது கடனாலும் ஹோட்டலாலும். ஆனால் அவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் "இனி பார்க்கை மலிவாகக் கட்டு" என்பது, என் பார்வையில் 2001 கலிபோர்னியாவுக்கு அதுதான் வேர். 2002இல் பாரிஸிலேயே இரண்டாவது பார்க்கை இன்னும் மலிவாகத் திறந்தார்கள், விரல் விட்டு எண்ணக்கூடிய ரைடுகளோடு. அதைச் சரிசெய்ய 2018இல் 200 கோடி யூரோ அறிவிக்க வேண்டி வந்தது.

அதனால் செல்வி, எட்டு கோடியில் எவ்வளவு கைக்காசு, எவ்வளவு கடன்? அதைச் சொல்லாமல் மூன்று வருஷம், ஆறு வருஷம் என்ற ஒப்பீட்டுக்கு அர்த்தம் இல்லை. இன்னொன்று, அந்த மூன்று வருஷக் கணக்கில் முதல் வருஷக் கூட்டமே மூன்றாவது வருஷமும் வரும் என்று போட்டிருக்கிறீர்களா?

பம்ப்_ரூம்:
நான் ஒன்பது வருஷம் ஒரு பார்க்கில் மெயின்டெனன்ஸ் பார்த்தவன், எந்தப் பார்க் என்று சொல்ல விரும்பவில்லை. வேவ் பூல் மோட்டாரில் பேரிங் சத்தம் போடுகிறது என்று பிப்ரவரியில் எழுதிக் கொடுத்தேன். சீசன் முடியட்டும் என்றார்கள். மே மாத ஞாயிற்றுக்கிழமை மதியம் நின்றது. கைக்குழந்தையோடு வந்த அம்மா டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டு கவுன்டரில் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்த ஒரு நாளில் திருப்பிக் கொடுத்த பணம் பேரிங் விலையைப் போலப் பல மடங்கு.

அதனால் ஒரு பெரிய ரைடை மட்டும் நம்பவும் பயமாக இருக்கிறது, அது நின்றால் அன்றைக்குக் காட்ட வேறு ஒன்றும் இல்லை. பெரியது ஒன்று, சின்னப் பிள்ளைகளுக்கு எளிமையானது இரண்டு என்று யோசியுங்கள். ஒவ்வொன்றிலும் மணிக்கு எத்தனை பேர் ஏறி இறங்க முடியும், உதிரிப் பாகம் வர எத்தனை நாள் ஆகும், இந்த இரண்டையும் விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளம்மா. ரெடிமேட் ஆறும் ஆறு கம்பெனியுடையது என்றால் ஆறு விதமான ஸ்பேர் வைக்க வேண்டியிருக்கும்.

கோவை_செல்வி:
எல்லோருக்கும் நன்றி. ஐந்து கோடி கடன், வட்டிக்கணக்கு சார். நீங்கள் கேட்ட பிறகு ஏட்டைத் திறந்து பார்த்தேன், கூட்டம் மூன்று வருஷமும் ஒரே எண்ணிக்கைதான் போட்டிருக்கிறேன். பராமரிப்பு வருஷா வருஷம் ஒரே தொகை. அதைவிட, எங்களிடம் வருகிறவர்கள் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது.

உராயசு_வாசி:
அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒர்லாண்டோவில் யுனிவர்சல் 2010இல் ஹாரி பாட்டர் பகுதி ஒன்றைத் திறந்தது. அந்தப் பார்க்குக்கு 2009இல் ஏறக்குறைய 46 லட்சம் பேர், 2011இல் 76 லட்சத்துக்கு மேல். அங்கே ரைடில் மட்டும் இல்லை, தெருவில் பட்டர்பியரை, அந்தக் கதையில் வரும் பானத்தை, கையில் வைத்துக்கொண்டு நிற்பதிலும் நேரம் போகிறது, காசும் அங்கேதான் விழுகிறது. நீங்கள் ஒரு ஞாயிறு வெளியேறும் வாசலில் நின்று, டிக்கெட்டில் இருக்கும் நேரத்தையும் அவர்கள் கிளம்பும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பம்ப்_ரூம்:
கிளம்பும்போது ஏன் கிளம்புகிறீர்கள் என்றும் கேள். எங்கள் பார்க்கில் பாதிப் பேர் வெயில் என்றார்கள், பெண்கள் உடை மாற்றும் அறை சரியில்லை என்றார்கள். ரைடைப் பற்றி யாரும் பேசவில்லை.

கோவை_செல்வி:
வரும் ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து நிற்கிறேன். சித்தப்பாவின் கூட்டாளியையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன், சரி என்றிருக்கிறார். எண்ணிக்கையை இங்கேயே போடுகிறேன்.