காய்ச்சல் விட்டு ஒரு மாதமாகியும் வறட்டு இருமல் போகவில்லை

கேள்வி: கோண்டாவில் ஆசிரியை

வணக்கம். மார்கழித் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒருவர்பின் ஒருவராகத் தடிமனும் காய்ச்சலும் வந்தன. பிள்ளைகள் ஒரு கிழமையில் தேறிவிட்டார்கள். எனக்குக் காய்ச்சலும் உடம்பு உளைவும் விட்டுவிட்டபோதும், இருமல் மட்டும் ஒரு மாதத்துக்கு மேலாகத் தொடர்கிறது. சளி ஏறக்குறைய வருவதே இல்லை. தொண்டைக்குழிக்குள் ஏதோ ஊர்வதுபோல ஓர் அரிப்பு எழும். கண்ணில் நீர் வரும்வரை இருமிய பிறகே அது அடங்கும். வகுப்பில் தொடர்ந்து நான்கு வசனம் பேசினாலும், கரும்பலகையைத் துடைத்தாலும், இரவில் பாயில் சரிந்தாலும், விடியற்காலைப் பனிக்குள் மோட்டார் சைக்கிளில் போனாலும் உடனே தொடங்கிவிடுகிறது. திருவெம்பாவைக்குக் கோயிலில் பாடச் சென்று, இரண்டாவது பாட்டிலேயே எழுந்து வெளியே வரவேண்டியதாயிற்று.

தனியார் வைத்தியர் ஒருவர் தந்த அன்ரிபயோட்டிக்கை முழுவதும் குடித்து முடித்தும் மாற்றமில்லை. இப்போது வேறொரு வகையை எழுதித் தந்திருக்கிறார்; அதைத் தொடங்குவதா என்று யோசிக்கிறேன். மாமி ஆடாதோடை இலையை அவித்துத் தருகிறார். பாடசாலையில் சிலர் காசநோயாக இருக்குமோ என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வயது ஐம்பதை நெருங்குகிறது. புகைப்பழக்கமும் இல்லை, முட்டு வருத்தமும் இருந்ததில்லை. இந்த இருமலை எப்படிச் சமாளிப்பது, எப்போது பயப்படவேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: மருந்தாளர்

வணக்கம் ரீச்சர். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் வைரசுத் தொற்றுக்குப் பின்னர் எஞ்சும் இருமலோடு பெரும்பாலும் பொருந்துகின்றன. வைரசு போய்விட்டாலும், அது சுவாசக் குழாயின் உட்புறத் தோலை உரித்துவிட்டுப் போவதால், அந்தத் தோல் மீண்டும் வளர்ந்து மூடும்வரை அடியிலுள்ள நரம்பு நுனிகள் வெளித்தெரியும் நிலையில் இருக்கும். உரசிய முழங்காலில் கடற்காற்றுப் பட்டாலே எரிவதுபோல, குளிர்காற்று, சோக்குத் தூள், சிரிப்பு, நீண்ட பேச்சு ஆகிய சாதாரண விடயங்களுக்கெல்லாம் அந்த நரம்புகள் இருமலை எழுப்பும். அத்தோடு ஒவ்வொரு பலமான இருமலும் அதே இடத்தை மறுபடி புண்ணாக்குவதால், இருமலே அடுத்த இருமலுக்குக் காரணமாகிறது.

இது எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதில்தான் நாம் எல்லோரும் தவறாக எதிர்பார்க்கிறோம். சாதாரண சளி இருமல் ஒரு கிழமை, மிஞ்சினால் ஒன்பது நாள் என்று மக்கள் நினைக்க, அது உண்மையில் சராசரியாக 18 நாள் அளவில் நீடிக்கிறது என்று 2013 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மூன்று கிழமையிலிருந்து எட்டுக் கிழமை வரை இழுபடும் இருமல் தொற்றுக்குப் பின்னர் வழமையாகக் காணப்படுவது. எட்டுக் கிழமையைத் தாண்டினால் அதை நாட்பட்ட இருமல் என்று கருதி வேறு காரணங்களைத் தேடவேண்டும். அன்ரிபயோட்டிக் பக்டீரியாவை மட்டுமே கொல்லும். வைரசும் போய்விட்ட நிலையில் இரண்டாவது அன்ரிபயோட்டிக் உங்கள் வயிற்றைக் குழப்புவதைத் தவிர வேறெதையும் செய்யப்போவதில்லை என்பது என் அபிப்பிராயம். எதற்காகத் தருகிறார் என்று அவரிடமே கேளுங்கள், நெஞ்சில் சத்தமோ நிமோனியாவின் அடையாளமோ கண்டிருந்தால் அது வேறு கதை.

படுத்தவுடன் தொடங்குகிறது என்றபடியால், மூக்கின் பின்பக்கத்தால் நீர் தொண்டைக்குள் வடிகிறதா என்பதையும், நெஞ்செரிவு அல்லது புளித்த ஏப்பம் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். முதலாவதற்கு இரவில் ஒரு பிரிட்டன் (Piriton, ஒவ்வாமைக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமின்) குளிசை உதவலாம். ஆனால் அது தூக்கத்தைத் தரும், மறுநாட் காலையிலும் மந்தமாக இருக்கும் என்பதால் அந்த நிலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டவேண்டாம். இரண்டாவதாக இருந்தால் இரவுச் சாப்பாட்டை முன்னேரத்தில் முடித்துத் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் படுங்கள். கடையில் விற்கும் இருமல் பாணி மருந்துகளில் பலவற்றில் சளியை இளக்கும் மருந்தும் இருமலை அடக்கும் மருந்தும் ஒன்றாகவே கலந்திருக்கும். சளியே இல்லாத உங்களுக்கு முதலாவதால் பயனில்லை. ஒரு தேக்கரண்டித் தேன் அவற்றில் பலவற்றைவிட நல்லது, ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மட்டும் தேன் கொடுக்கவே கூடாது.

இன்னுமொன்று கேட்கவேண்டும்: பிறசர், சீனி வருத்தம் போன்ற எதற்காவது தொடர்ச்சியாகக் குளிசை எடுக்கிறீர்களா?

பதில்: வடமராட்சித் தாதி (ஓய்வு)

தங்கச்சி, இருமல் வரும்போது என்ன செய்யவேண்டும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் அதை எழுதுகிறேன். அரிப்பு எழுந்த அந்தக் கணத்திலேயே வாயை மூடி, எச்சிலையோ ஒரு மிடறு இளஞ்சூட்டு நீரையோ விழுங்கி, பிறகு மூக்கினால் மெதுவாகச் சிறிய மூச்சுக்களாக எடுத்து விடுங்கள். வாயால் ஆழமாக இழுக்கும் மூச்சுத்தான் குளிர்ந்த வறண்ட காற்றை நேரே புண்ணான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் தோற்றுப்போவீர்கள்; பழகியபின் ஐந்தில் மூன்று இருமலாவது முளையிலேயே அடங்கும். செருமிச் செருமித் தொண்டையைத் துப்புரவாக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். குரலைக் காப்பாற்றவென்று குசுகுசுத்துப் பேசுவதும் தொண்டைக்கு நல்லதல்ல, தாழ்ந்த இயல்பான குரலே போதும். கரும்பலகையை ஈரத்துணியால் பிள்ளைகளில் ஒருவர் துடைக்கட்டும்.

வீட்டில் நுளம்புத் திரி, சாம்பிராணி, விறகடுப்புப் புகை மூன்றையும் இருமல் தீரும்வரை தள்ளி வையுங்கள், நுளம்புக்கு வலை கட்டலாம். வளவில் கூட்டிய சருகை மாலையில் கொளுத்தும் எங்கள் ஊர்ப் பழக்கத்தை எந்த நோயாளியும் தாங்கமாட்டார். அயலவரிடம் கேட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதமாக இருக்கலாம், ஆனால் வறட்டு இருமலைக் குறைத்து நான் கண்டதில்லை. போர்வைக்குள் கொதிநீர்ப் பாத்திரம் சரிந்து தொடை வெந்த பிள்ளைகளைத்தான் வாட்டில் கண்டிருக்கிறேன்.

காசநோய் பற்றிச் சக ஆசிரியர்கள் கேட்பதில் கோபப்பட வேண்டாம். இரண்டு கிழமைக்கு மேல் இருமினால் பரிசோதிக்கவேண்டும் என்பதே நமது நாட்டின் நடைமுறை, அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் சளிப் பரிசோதனை இலவசம். காலையில் எழுந்தவுடன், வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, திறந்த வெளியில் நின்று, ஆழமாக மூச்செடுத்து நெஞ்சுக்குள்ளிருந்து இருமி எடுக்கும் சளிதான் உதவும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பரிசோதனை வீண். உங்களுக்குச் சளியே வராதென்றால் அதைச் சொல்லுங்கள், நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

காத்திருக்கவே கூடாத அடையாளங்கள்: சளியில் இரத்தம், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மாலையில் திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமின்றி நிறை குறைதல். இருமி முடிவில் வாந்தி எடுப்பதும், மூச்சை உள்ளே இழுக்கும்போது கூவுவதுபோன்ற சத்தம் வருவதும் குக்கலாக (கக்குவான் இருமலாக) இருக்கலாம். சிறு வயதில் போட்ட முக்கூட்டு ஊசியின் பாதுகாப்பு வளர்ந்தபின் குறைந்துவிடும், அதனால் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இதில் அலட்சியம் வேண்டாம்.

பதில்: சுன்னாகம் வாசகர்

ஆடாதோடையை வெறும் பாட்டி வைத்தியம் என்று தள்ளவேண்டியதில்லை, மருந்துக்கடையில் விற்கும் புறோம்ஹெக்சின் அந்த இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டே உருவாக்கப்பட்டது. ஆனால் புறோம்ஹெக்சினின் வேலை கட்டியான சளியை இளக்குவது என்பதால், சளியில்லாத இருமலுக்கு அந்தக் கசப்பை விழுங்குவதில் பெரிய பயனில்லை என்று நினைக்கிறேன். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது, கருப்பையைச் சுருங்கச் செய்யும். எங்கள் வீட்டில் மல்லியை இலேசாக வறுத்து, வேர்க்கொம்பு ஒரு துண்டு தட்டிப்போட்டு, நன்றாகக் கொதிக்கவைத்து வடித்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு சூடாகக் குடிப்போம். அது மருந்தென்று சொல்லமாட்டேன், தொண்டை நனைந்திருக்கும், மனமும் கொஞ்சம் ஆறும்.

பதில்: கோண்டாவில் ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. இரண்டாவது அன்ரிபயோட்டிக்கைத் தொடங்கவில்லை. மருந்தாளர் கேட்டதற்குப் பதில்: பிறசருக்குக் கிளினிக்கில் எனலாபிரில் தருகிறார்கள், ஆவணி மாதத்திலிருந்து எடுக்கிறேன். நெஞ்செரிவு இல்லை, மூக்கு வடிவதும் இல்லை. குளிசைதான் காரணமென்றால் தொடக்கத்திலேயே இருமல் வந்திருக்க வேண்டாமா?

பதில்: மருந்தாளர்

அப்படிக் கட்டாயமில்லை ரீச்சர். எனலாபிரில், கப்ரோபிரில், லிசினோபிரில் ஆகியவை ஒரே குடும்பம். பிராடிகைனின் என்ற பொருளை உடைக்கும் நொதியத்தை அவை தடுப்பதால் அது சுவாசக் குழாயில் சேர்ந்து, சிலருக்கு நீங்கள் வர்ணித்த அதே வறட்டு அரிப்பு இருமலைத் தரும். குளிசை தொடங்கிச் சில நாளிலும் வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். ஏற்கெனவே வைரசு புண்ணாக்கிய தொண்டையில் இதுவும் சேர்ந்திருக்கலாம், இரண்டில் எது எவ்வளவு என்பதை இங்கிருந்தபடி சொல்லமுடியாது.

ஆனால் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பிறசர் ஏறிப் பாரிசவாதத்தில் முடிந்தால் இருமல் ஒரு பிரச்சினையாகவே தெரியாது. அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல், கிளினிக் கொப்பியையும் குளிசை அட்டையையும் எடுத்துக்கொண்டு போய், இருமல் தொடங்கிய மாதத்தைச் சொல்லுங்கள். பொருத்தமென்று கண்டால் லொசார்ட்டன் போன்ற வேறு வகைக்கு மாற்றுவார்கள், அதில் இந்த இருமல் மிக அரிது. மாற்றிய மறுநாளே நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலானோருக்கு ஒன்றிலிருந்து நான்கு கிழமைக்குள் அடங்கும், சிலருக்கு மூன்று மாதம்வரை செல்லும். எக்ஸ்ரேயைக் குளிசை மாற்றத்துக்காகப் பிற்போடாமல், அதே பயணத்திலேயே கேட்டு எடுத்துவிடுங்கள்.