“பார்க்கின்சன் ஆளைக் கொல்லாது” என்று டாக்டர்கள் சொல்வது சரியா?

மாம்பலம்வாசி:
அப்பாவுக்கு 66 வயது. பார்க்கின்சன் என்று போன மாதம் உறுதியானது. சென்னையில் பேர் போன நரம்பியல் டாக்டர் ஒருவர், “கவலையே வேண்டாம், இந்த நோயோடு சாவார்களே தவிர இதனால் யாரும் சாவதில்லை” என்று சொல்லி, சிண்டோபா (இந்த நோய்க்கான லெவோடோபா மருந்து கலந்த மாத்திரை) எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். இதே வசனத்தைத்தான் பெரியப்பாவுக்கும் சொன்னார்கள். அவர் போனது நிமோனியாவில். மருத்துவமனை எழுதிய, இறப்புக்குக் காரணம் சொல்லும் படிவம் 4-இல் பார்க்கின்சன் என்ற பேச்சே இல்லை. நிமோனியா ஏன் வந்தது? சாப்பாடு நுரையீரலுக்குள் போனதால். ஏன் போனது? தொண்டைத் தசை சொன்னபடி கேட்காததால். அது ஏன் கேட்கவில்லை? அதற்கு மேல் யாரும் எழுதவில்லை. இந்த வசனத்தை டாக்டர்கள் நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. எதிர்க்கட்சி இருந்தால் வரலாம்.

வேளச்சேரி வெள்ளம்:
இதோ வந்தாச்சு. எனக்கு 51 வயது, 46-இல் இது வந்தது. அந்த வசனம் உங்களுக்குச் சொன்னது இல்லை சார், எனக்குச் சொன்னது. அன்றைக்கு அது காதில் விழாமல் இருந்திருந்தால் நான் மறுபடி தரமணியில் வேலைக்குப் போயிருக்கவே மாட்டேன்.

அது வெறும் ஆறுதலும் இல்லை. 1967-இல் ஹோன் (Hoehn), யார் (Yahr) என்ற இரண்டு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், இந்த நோயாளிகளின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. லெவோடோபா புழக்கத்துக்கு வருமுன் இருந்த நிலை அது. பிற்காலத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்றரை மடங்குக்கு வந்துவிட்டது. ஸ்வீடனில் ஊமியோ வட்டாரத்தில் புதிதாக நோய் கண்டவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து 2018-இல் எழுதினார்கள். ஆரம்பத்தில் நினைவும் யோசனையும் நன்றாக இருந்தவர்களின் ஆயுள், ஊர் மக்களின் ஆயுளுக்குக் கிட்டத்தட்ட சமம். டாக்டர் இதைத்தானே ஒரு வரியில் சொல்கிறார்?

மாம்பலம்வாசி:
ஒன்றரை மடங்கு எப்படி “யாரும் சாவதில்லை” ஆகும்? அதே ஊமியோ ஆய்வில், ஆரம்பத்திலேயே நினைவாற்றல் லேசாகக் குறைந்திருந்தவர்களுக்கு ஆயுளும் குறைவு. அந்தப் பாதியை விட்டுவிட்டீர்கள். 2007-இல் பிரிட்டனில் வந்த கணக்கையும் பாருங்கள். 40 முதல் 64 வயதுக்குள் நோய் தொடங்கினால் சராசரியாக மீதி ஆயுள் 21 வருடம். நோய் இல்லாதவர்களுக்கு 31. 65-க்கு மேல் தொடங்கினால் 5, மற்றவர்களுக்கு 9. அப்பா இந்த இரண்டாவது கட்டத்தில் இருக்கிறார்.

வேளச்சேரி வெள்ளம்:
அது பழைய நோயாளிகளை வைத்துப் போட்ட கணக்கு. சரி, பத்து வருடம் குறையும் என்றே வைத்துக்கொள்வோம். முதல் நாளே அதை என்னிடம் சொன்னால் நான் என்ன செய்வேன்? ராத்திரி விரல் விட்டு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சராசரி ஒன்றும் என் ஜாதகம் இல்லை.

இன்னொன்று. உங்கள் பெரியப்பாவுக்கு வந்தது பார்க்கின்சன்தானா? முதல் வருடத்திலேயே அடிக்கடி விழுந்தாரா, மாத்திரைக்கு அசையவே இல்லையா? அப்படியென்றால் அது பி.எஸ்.பி., எம்.எஸ்.ஏ. மாதிரி வேறு நோயாக இருக்கும். பார்க்க ஒன்று போலத் தெரியும், ஆனால் அவற்றில் ஆயுள் நிஜமாகவே குறைவு. அதைக் காட்டி எங்களைப் பயமுறுத்தக் கூடாது.

மாம்பலம்வாசி:
வலது கை நடுக்கத்தில் தொடங்கியது, மாத்திரை பல வருடம் நன்றாகக் கேட்டது. பார்க்கின்சன்தான்.

திருவொற்றியூர் தென்றல்:
பூனைக்காலி விதைப் பொடி கொடுங்கள். பக்கவிளைவே கிடையாது, ஆயுசு கெட்டி.

மட்டுறுத்துநர்:
பூனைக்காலியில் லெவோடோபா இருப்பது உண்மை. அதனால்தான் சிண்டோபாவோடு சேர்த்து இஷ்டத்துக்குச் சாப்பிடக் கூடாது, மருந்தின் அளவு தெரியாமலே ஏறிவிடும். பேச வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள்.

ஆறாவது மாடி இரவுப்பணி:
நான் வார்டு நர்ஸ். நீங்கள் இருவரும் வருடக் கணக்கில் சண்டை போடுகிறீர்கள், நான் பார்ப்பது மணிக் கணக்கு. வீட்டில் காலை 6, 10, மதியம் 2, மாலை 6 என்று மாத்திரை போடுகிறவர் இடுப்பெலும்பு உடைந்து அட்மிட் ஆவார். வார்டில் மருந்து வண்டி வருவது 8 மணிக்கு. ஆபரேஷனுக்காக வாய்வழியாக ஒன்றும் தராதீர்கள் என்று எழுதியிருப்பார்கள், மாத்திரை அட்டை பெண்டாட்டியின் கைப்பையில் கிடக்கும். மறுநாள் பார்த்தால் உடம்பு கட்டை மாதிரி விறைத்திருக்கும், எச்சில்கூட விழுங்க முடியாது. மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வாயால் தர முடியாவிட்டால் மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூப் வழியாகவாவது தர முடியுமா என்று அன்றைக்கே நரம்பியல் டாக்டரைக் கேளுங்கள். வாந்தி என்றால் பழக்கத்தில் பெரினார்ம் ஊசி போட்டுவிடுவார்கள். அதில் இருக்கும் மெட்டோகுளோப்ரமைடு இவர்களுக்கு ஆகாது, இந்த நோயில் மூளையில் குறைந்துபோகும் டோபமைன் என்ற பொருளின் வேலையையே தடுக்கும். “பார்க்கின்சன் நோயாளி” என்று சீட்டில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் ரசம் சாதம். லேசான சாப்பாடு என்று எல்லா வீட்டிலும் அதைத்தான் கொடுக்கிறோம். தண்ணீரும் பருக்கையும் கலந்த சாப்பாடுதான் இவர்களுக்கு விழுங்கக் கஷ்டம். தண்ணீர் முன்னால் ஓடிவிடும், பருக்கை வாயில் நிற்கும். தண்ணீர் குடித்ததும் குரல் கொழகொழவென்று மாறினால் கவனியுங்கள். இருமலே வராமல் உள்ளே போவதும் உண்டு, அதுதான் மோசம்.

வேளச்சேரி வெள்ளம்:
சிஸ்டர், இந்த மாதிரி சொல்லுங்கள், கைகட்டிக் கேட்கிறேன். இதைச் சொல்வதற்கு ஆயுள் கணக்கு எதற்கு என்பதுதான் என் கேள்வி.

மாம்பலம்வாசி:
உயிருக்கு ஆபத்தில்லை என்று கேட்டுவிட்டு வந்த வீட்டில் யார் சார் இதையெல்லாம் பார்ப்பார்கள்? பெரியப்பாவுக்குப் புரை ஏறும்போதெல்லாம் பெரியம்மா “யாரோ நினைக்கறாங்க” என்று உச்சந்தலையில் தட்டுவார். ஒரு கட்டத்தில் எங்களுக்கே அது வேடிக்கையாகிவிட்டது, துபாயில் இருக்கும் பையன்தான் நினைக்கிறான் என்று கிண்டல் செய்வோம். தொண்டையைப் பரிசோதிக்கலாம் என்று ஒரு டாக்டரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? கொல்லாத நோய் ஆயிற்றே!

சைதை சரவெடி:
படிவம் பற்றி ஒரு வார்த்தை. படிவம் 4-இல் உடனடிக் காரணத்துக்குக் கீழே அடிப்படைக் காரணம் எழுத வரி இருக்கிறது. மேலே நிமோனியா, கீழே பார்க்கின்சன் என்று எழுதினால் போதும். எழுதுவதில்லை. இந்த விடுபடல் வெளிநாடுகளிலும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பார்க்கின்சனால் 3,29,000 பேர் இறந்ததாக மதிப்பிட்டது, 2000-த்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கொல்லாத நோய்க்கு இது கொஞ்சம் ஜாஸ்தி இல்லையா வெள்ளம் அண்ணா?

வேளச்சேரி வெள்ளம்:
வயதானவர்களின் எண்ணிக்கை கூடினால் சாவும் கூடத்தான் செய்யும் தம்பி. வசனம் துல்லியம் என்று நான் சொல்லவில்லை. முதல் நாள் அதுதான் வேண்டும் என்கிறேன். ஆறு மாதம் கழித்து, பயம் தெளிந்து, நானே கேட்கும்போது நம்பரைச் சொல்லட்டும்.

மாம்பலம்வாசி:
கேட்காதவர்கள்? என் அப்பா டாக்டர் முன்னால் வாயே திறக்க மாட்டார்.

ஆறாவது மாடி இரவுப்பணி:
அவர் நம்பரைக் கேட்க வேண்டாம். அடுத்த தடவை போகும்போது நீங்கள் ஸ்பீச் தெரபிஸ்டுக்குச் சீட்டு எழுதி வாங்குங்கள், விழுங்குவதைச் சோதிப்பது அவர்கள்தான். அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்து, மாத்திரை வேலை செய்கிற நேரமாகப் பார்த்துச் சாப்பிடட்டும். சாப்பிடும்போது டிவி வேண்டாம்.

வேளச்சேரி வெள்ளம்:
இதற்கு என் ஓட்டும் உண்டு. ஆனால் மாம்பலம் சார், ஒன்று கேட்கிறேன். அந்த 5, 9 கணக்கை அப்பாவிடம் சொல்லிவிட்டீர்களா?

மாம்பலம்வாசி:
இல்லை. தங்கையிடம் சொன்னேன், அவள் இரண்டு நாளாகப் பேசவில்லை.

வேளச்சேரி வெள்ளம்:
அதைத்தான் நான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாம்பலம்வாசி:
அவள்தான் இன்று காலை போன் செய்து தெரபிஸ்டிடம் நேரம் வாங்கியிருக்கிறாள் சார்.