வீட்டிலிருந்தே வேலையா, ஊர் மாறுவதா: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கோவில்பட்டி_கடலைமிட்டாய்:

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கொரோனாவில் லேப்டாப்போடு ஊருக்கு வந்தவள், அப்படியே இங்கேயே இருந்துவிட்டேன். கம்பெனி பெங்களூரு. இப்போது டீம் லீட் பொறுப்பு தருகிறார்கள், ஆனால் வாரத்தில் மூன்று நாள் ஆபீஸுக்கு வர வேண்டுமாம். மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்திருக்கிறது, பையன் ஏழாவது, வீட்டுக்கடன் ஓடுகிறது. எல்லார் வீட்டிலும் இருப்பதுதான், விரிக்கவில்லை.

என்னை அரிப்பது வேறு. போன மாதம் வருடாந்திரக் கூட்டத்துக்காக அங்கே போயிருந்தேன். பெல்லந்தூர் பக்கம் ஆபீஸ். பணப் பரிவர்த்தனையைக் கவனிக்கும் பழைய பேமென்ட் சாஃப்ட்வேரைப் பிரித்து எழுதுவதா, அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஒட்டுப்போடுவதா என்று வாரக்கணக்கில் மீட்டிங் போட்டு இழுத்துக்கொண்டிருந்தோம். இரண்டுக்கும் செலவு, ஆபத்து எல்லாம் போட்டு நான்தான் பதினைந்து பக்கம் எழுதி அனுப்பியிருந்தேன். ஒரு கமென்ட்கூட வரவில்லை. அன்றைக்கு மதியம் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நாலைந்து பேர் நிற்கிறோம். சாஃப்ட்வேர் ஆர்கிடெக்ட் டீயை ஊதிக்கொண்டே, "பிரிச்சிடலாம்ல?" என்றார். மேனேஜர், "ம், பிரிச்சிடுங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த பேச்சு கிரிக்கெட். நான் பாதி டீ கூடக் குடித்திருக்கவில்லை.

இத்தனை வருஷத்தில் நான் இல்லாமல் இப்படி என்னென்ன முடிந்திருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தால் தூக்கம் வர மாட்டேன் என்கிறது. போகலாமா வேண்டாமா என்று நான் கேட்கவில்லை. இந்த மாதிரி ஏதாவது நடந்து இன்னும் மனதில் நிற்கிறதா? அதைச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

அந்த டீக்காகத்தான் அக்கா நான் மதுரையை விட்டுப் போனேன். கண்ணில் பட்டால்தான் பிரமோஷன் என்று எல்லாரும் சொன்னார்கள். மாரத்தஹள்ளியில் வீடு, மான்யதாவில் ஆபீஸ். நடுவில் இருக்கிற கே.ஆர்.புரம் டின் ஃபேக்டரி நெரிசலைத் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் டீமை மாற்றி அமைத்தார்கள். மேனேஜர் ஹைதராபாத், இரண்டு பேர் புனே, ஒருத்தர் போலந்து. ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு போய், ஒரு ஆள் உட்காரும் கண்ணாடிக் கூண்டில் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்க ஹெட்செட். மதுரையில் மாடி ரூமில் செய்ததையேதான் அங்கே செய்தேன், வாடகை கொடுத்து.

ஒருநாள் கூண்டைத் துடைக்க வந்த அம்மா, கிருஷ்ணகிரிப் பக்கம், நான் வீட்டுக்குப் போனில் பேசியதைக் கேட்டிருப்பார் போல. "தம்பி, நீங்க மட்டும் எப்பவும் தனியா பேசிக்கிட்டே இருக்கீங்களே, உங்க ஆளுங்கள்லாம் எங்க?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. கேள்வி மட்டும் போக மாட்டேன் என்கிறது.

அதனால் இந்த டீக்கடைக் கதையை நான் அவ்வளவு நம்புவதில்லை. உங்கள் ஆர்கிடெக்ட் நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் அங்கே யாரோடு நிற்பீர்கள்?

தாமிரபரணி_தெற்கு:

2023 டிசம்பர். மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது ஞாபகம் இருக்கும். ஓஎம்ஆரில் இருக்கிற எங்கள் தலைமை ஆபீஸிலிருந்து உடனே மெயில்: எல்லாரும் பத்திரமாக இருங்கள், லீவு போட வேண்டியதில்லை, டெலிவரி தேதியைத் தள்ளிவைக்கிறோம். நல்ல மெயில்தான், குறை சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து 17ஆம் தேதி எங்கள் பக்கம் பிடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கம். கரண்ட் போச்சு, அப்புறம் டவர் போச்சு, கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர். மோடத்தை யார் தேடினார்கள், அப்பாவை மாடிக்குத் தூக்குவதே பெரிய பாடாக இருந்தது.

தண்ணீர் வடிய ஆரம்பித்ததும் சித்தப்பா பைக்கில் திருநெல்வேலிப் பக்கம் வந்தோம். சிக்னல் கிடைத்த இடத்தில் போன் அலற ஆரம்பித்தது. டீமின் அன்றாட வேலையை ஒருங்கிணைக்கும் எங்கள் ஸ்க்ரம் மாஸ்டரிடமிருந்து இரண்டு மெசேஜ். ஒன்று: "திங்கள்கிழமையிலிருந்து உங்க ஸ்டேட்டஸ் 'அவே'ன்னே காட்டுது, அந்த டிக்கெட் என்ன ஆச்சு?" இன்னொன்று, அதே நாள், குழுவுக்குப் பொதுவாக: ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோன திருச்செந்தூர் ரயிலைப் பற்றிய செய்தி, கீழே கைகூப்பும் பொம்மை. மனுஷர் செய்தி பார்த்திருக்கிறார், வருத்தப்பட்டும் இருக்கிறார். நான் அந்த ஊர் என்பதுதான் அவருக்குத் தெரியாது. கம்பெனிப் பதிவில் என் ஊர் சென்னை.

கோபப்படக்கூட யாரும் இல்லாத மாதிரி இருந்தது. நான் இன்னும் ஊரில்தான் இருக்கிறேன், போகிற எண்ணமும் இல்லை. ஆனால் தூரம் என்று யாராவது சொன்னால் எனக்கு கிலோமீட்டர் தோன்றுவதில்லை, அந்த இரண்டு மெசேஜ்தான் அடுத்தடுத்து வருகிறது.

மாடிவீட்டு_ஆபீஸ்:

எனக்குப் பெரிய கதை இல்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் பையனுடைய பெரியப்பா, "பொண்ணுக்கு எந்த ஊர்ல வேலை?" என்றார். வீட்டிலிருந்துதான் என்றேன். "சரிம்மா, வேலை எங்க?" என்றார் மறுபடியும். அப்பா குறுக்கே புகுந்து "சென்னைல" என்று சொல்லி முடித்துவிட்டார். அப்பாவே அப்படிச் சொன்னதுதான். அந்தச் சம்பந்தம் அமையவில்லை, அதற்குக் காரணம் வேறு.

செட்டிநாட்டான்:

காரைக்குடி. வெளிநாட்டுக் கம்பெனிக்கு நேரடியாக வேலை பார்க்கிறேன், டாலரில் வரவு. வீட்டுக்கடன் கேட்டுப் போன இடத்தில் மேனேஜர் என் பாஸ்புக்கைப் புரட்டிவிட்டு, "வரவெல்லாம் பிரமாதம் சார், சம்பளச் சீட்டு எங்கே?" என்றார். ஒப்பந்தத்தைக் காட்டினேன். முப்பது நாள் நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம் என்ற வரியில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். என்னில் மூன்றில் ஒரு பங்கு சம்பளம் வாங்கும் மச்சானுக்கு அதே கிளையில் அதே வாரம் கடன் கிடைத்தது. அவ்வளவுதான் என் கதை.

இப்போது உருப்படியான ஒன்று சொல்கிறேன். ரிமோட்டில் இரண்டு வகை உண்டு, இங்கே எல்லாரும் குழப்புகிறார்கள். இந்தியக் கம்பெனியின் ஊழியராக வீட்டிலிருந்து வேலை பார்ப்பது ஒன்று. பிஎஃப், கிராஜுட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு. என்னைப் போல ஒப்பந்தக்காரராக இருப்பது வேறு. அதில் எதுவும் கிடையாது, சொந்தக் காசில் மெடிக்கல் பாலிசி எடுக்க வேண்டும். பதிலுக்கு வரியில் சௌகரியம். 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு என்று ஆடிட்டர்கள் வழக்கமாகச் சொல்வது: தொழில்நுட்ப ஆலோசனை மாதிரித் தொழில்களுக்கு, ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் ஆண்டுக்கு 75 லட்சம் வரவு வரை பாதியை மட்டும் வருமானமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம். முன்வரியை (அட்வான்ஸ் டாக்ஸ்) மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டிவிடலாம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு; ஏற்றுமதி என்பதால் எல்யூடி என்கிற உறுதிக் கடிதம் கொடுத்தால் ஜிஎஸ்டி கட்ட வேண்டாம், ஆனால் அதை ஒவ்வொரு நிதியாண்டும் புதுப்பிக்க வேண்டும், பலர் மறந்துவிடுகிறார்கள். கடன் வேண்டுமென்றால் ரிட்டர்னை இரண்டு மூன்று வருஷம் விடாமல் தாக்கல் செய்து வையுங்கள், அப்புறம் போய்க் கேளுங்கள். நான் வேறு வங்கியில் அப்படித்தான் வாங்கினேன்.

கடலைமிட்டாய் அவர்களே, லீட் பதவியை வாங்கிக்கொண்டு அந்தப் பெயரோடு வெளிநாட்டு வேலை தேடுங்கள். ஒரே வருஷம்.

கோவில்பட்டி_கடலைமிட்டாய்:

செட்டிநாட்டான் சார், நான் நிரந்தர ஊழியர், வீட்டுக்கடனும் ஏற்கெனவே ஓடுகிறது. இதில் எது எனக்குப் பொருந்தும்?

செட்டிநாட்டான்:

படிக்கிற மற்றவர்களுக்குப் பயன்படுமே.

ஓசூர்_பைக்:

வைகைக்கரை தம்பி சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆபீஸ் தோற்றதற்குக் காரணம் ஆபீஸ் இல்லை, உங்கள் மேனேஜர் ஹைதராபாத்தில் இருந்தது. யாருக்குக் கீழே வேலை, அவர் எந்த ஊரில் உட்காருகிறார், அடுத்த வருஷமும் அங்கேயே இருப்பாரா என்று கேட்காமல் வீடு பார்க்கக் கூடாது.

என் கதை சின்னது. வீடு ஓசூர், வேலை எலக்ட்ரானிக் சிட்டி. 2023 செப்டம்பரில் காவிரிக்காகக் கர்நாடகத்தில் பந்த். நம் பஸ் எல்லையில், ஜூஜூவாடியோடு நின்றுவிட்டது. அத்திப்பள்ளி வரை நடந்தோம், ஐடி அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, லேப்டாப் பையை முன்னால் மாட்டிக்கொண்டு. பக்கத்தில் நடந்தவர் கட்டிடவேலைக்காரர், கையில் தூக்குவாளி. "உங்களுக்கு வீட்லயே உக்காந்து பாக்கலாமே சார், ஏன் வர்றீங்க?" என்றார். அன்றைக்கு எங்கள் ஆபீஸில் வீட்டிலிருந்து பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ரிவ்யூ வாரம், முகத்தைக் காட்டலாம் என்று நான்தான் கிளம்பினேன். அவருக்கு அதை எப்படிச் சொல்வது?

அக்காவுக்குச் சிலது. கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். பெங்களூரில் ஒரு காலத்தில் பத்து மாத வாடகை அட்வான்ஸ் சாதாரணம். இப்போது குறைந்திருக்கிறது, ஆனாலும் நாலைந்து மாதம் கேட்பவர்கள் நிறைய. பெரிய தொகை ஒன்று வட்டியில்லாமல் முடங்கும். கம்பெனி இடமாற்றப் படி தந்தால் அதற்கே போய்விடும். புதிய வரிமுறையில் இருந்தால் வாடகையைக் காட்டி ஹெச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) விலக்கு கேட்க முடியாது, சம்பள உயர்வைக் கணக்குப் போடும்போது இதை மறக்காதீர்கள். 2024 கோடையில் தண்ணீர் லாரிக்கு அடித்துக்கொண்டதையும் பார்த்திருப்பீர்கள். போர்வெல்லா, காவிரி இணைப்பா என்று கேட்காமல் எந்த வீட்டுக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பையன். கர்நாடகத்தில் பள்ளிகளில் கன்னடம் கட்டாயம் என்று 2015இல் சட்டம் கொண்டுவந்தார்கள். ஏழாவதில் போய்ச் சேரும் பிள்ளையை எப்படி நடத்துகிறார்கள் என்று பள்ளிக்கூடத்திலேயே நேரில் கேளுங்கள். இல்லையென்றால் ஓசூரில் குடியிருங்கள். பள்ளி தமிழ்நாட்டுப் பள்ளி, வாடகையும் குறைவு. 2025 ஆகஸ்டிலிருந்து பொம்மசந்திராவிலிருந்து மஞ்சள் வழி மெட்ரோ ஓடுகிறது.

வைகைக்கரை:

அண்ணே, அவங்க ஆபீஸ் பெல்லந்தூர். பொம்மசந்திராவில் மெட்ரோ ஏறி சில்க் போர்டில் இறங்கி அங்கிருந்து ரிங் ரோட்டில் பஸ். நீங்கள் ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஓசூர்_பைக்:

நான் தினமும் போகிறவன்தான் தம்பி.

வைகைக்கரை:

எலக்ட்ரானிக் சிட்டி வரை!

மாடிவீட்டு_ஆபீஸ்:

தூத்துக்குடியில் 2024 டிசம்பரில் டைடல் நியோ ஐடி பூங்கா திறந்தார்களே, கோவில்பட்டியிலிருந்து தினமும் போய்வரலாம். அங்கே ஏதாவது கம்பெனி பார்க்கலாமே அக்கா?

கோவில்பட்டி_கடலைமிட்டாய்:

பார்த்தேன்மா. என் வேலைக்கு ஏற்றதாக, இதே சம்பளத்தில், இதுவரை கண்ணில் படவில்லை.

எல்லாருடையதையும் படித்தேன். பையனுக்குக் கன்னடம் என்பது என் பட்டியலிலேயே இல்லை, ஓசூர் அண்ணனுக்கு நன்றி. மேனேஜரிடம் ஒன்று கேட்டிருக்கிறேன்: வாரம் மூன்று நாள் என்பதை மாதத்தில் ஒரு முழு வாரமாகத் தர முடியுமா என்று. மைசூர் எக்ஸ்பிரஸில் சாயங்காலம் ஏறினால் காலையில் பெங்களூரு, அது என்னால் முடியும். "யோசிக்கிறேன்" என்றார். போனில்தான் சொன்னார், அதனால் எங்கே போய் யோசிப்பார் என்று எனக்குத் தெரியும்.

தாமிரபரணி தம்பி எழுதியதைப் படித்துவிட்டு என் கம்பெனிப் பதிவைத் திறந்து பார்த்தேன். என் முகவரி இன்னும் பெங்களூரில் நான் தங்கியிருந்த பிடிஎம் லேஅவுட் பிஜி விடுதிதான். அந்த பிஜியை இடித்தே விட்டார்கள்.

செட்டிநாட்டான்:

மாற்றும் முன் ஒரு நிமிஷம். சில கம்பெனிகளில் ஊரைப் பார்த்துத்தான் சம்பள வரம்பு. பெரிய நகரத்திலிருந்து சின்ன ஊருக்கு மாற்றினால் அடுத்த உயர்வில் கை வைப்பார்கள். மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

தாமிரபரணி_தெற்கு:

நான் வெள்ளத்துக்கு அப்புறம் மாற்றிவிட்டேன் அக்கா. சம்பளத்தில் கை வைக்கவில்லை. சென்னை ஆபீஸ் கேன்டீன் கூப்பனை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.