எட்டு மணி நேர ‘ஹாபிட்’டை வளவில் ஒரே இரவில் பார்க்கும்படி வெட்டிய அனுபவம்

காரைக்குடியிலிருந்து:

தனக்குப் பிடித்த மாயாஜாலப் படத்தின் ஓட்டம் சரியில்லை என்று தோன்றி, அதைத் தானே மறுபடி வெட்டித் தொகுத்துப் பார்த்தவர்கள் நம்மிடையே சிலராவது இருப்பார்கள். அவர்கள் அனுபவத்தைக் கேட்க விரும்புகிறேன். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டது பீட்டர் ஜாக்சன் இயக்கிய ‘தி ஹாபிட்’ படங்கள் மூன்றும். 1937இல் டோல்கீன் எழுதிய மூலக்கதை பத்தொன்பது அத்தியாயங்களே கொண்ட சிறுவர் நூல். அதை இரண்டு படங்களாகத்தான் எடுக்க எண்ணியிருந்தார்கள். 2012 ஜூலையில்தான், அதாவது முதல் படம் வெளிவரச் சில மாதங்களே இருந்தபோது, மூன்றாக்கப்போவதாக அறிவித்தார்கள். 2012, 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் வந்த அந்த மூன்றும் முறையே 169, 161, 144 நிமிடங்கள் ஓடுகின்றன. கூட்டிப் பார்த்தால் எட்டு மணி நேரத்துக்கு ஆறு நிமிடம் குறைவு.

பங்குனியில் உறவினர் எல்லோரும் எங்கள் பழைய வீட்டில், முற்றத்தைச் சுற்றிய வளவில், கூடுவது வழக்கம். ஓர் ஆண்டில், மூன்றில் முதலாவது படத்தைப் பிள்ளைகளுக்காகத் திரையிட்டேன். பூதங்களின் குகையில் ஓட்டம் தொடங்கியதும் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து முகப்புக்குப் போய்விட்டார்கள். தூணில் சாய்ந்தபடி கடைசிவரை பார்த்தது எங்கள் ஆயா (பாட்டி) மட்டுமே. ஆங்கிலம் தெரியாத அவருக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் அவர் கேட்டார்: “இவுக எந்நேரமும் ஓடிக்கிட்டே இருக்காகளே, எதுக்கு ஓடுறோமுன்னு அவுகளுக்காச்சும் தெரியுமா?” அந்தக் கேள்வியோடுதான் அடுத்த வாரம் கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

ரசிகர்கள் இப்படி மறுதொகுப்புச் செய்வது புதிதல்ல. ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் 1999இல் வந்த படத்தை மைக் ஜே. நிக்கல்ஸ் என்ற தொகுப்பாளர் தாமே குறைத்து வெட்டியது 2001 வாக்கில் பரவலாகப் பேசப்பட்டது. ஹாபிட்டுக்கே நான்கு மணி நேரத்தையொட்டிய ரசிகர் தொகுப்புகள் பல உண்டு. அவற்றைப் பார்க்காமல், என் வட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு நானே செய்துபார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதல் தொகுப்பில் நான் செய்த தவற்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகத் தொடங்குகிற எவரும் அதைத்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன். மெதுவாக நகரும் காட்சிகளையெல்லாம் எடுத்தேன். கதாநாயகன் பில்போவின் வீட்டுக்குள் பதின்மூன்று குள்ளர்கள் வந்து சேர்ந்து உண்டு, பாத்திரம் கழுவிப் பாடுகிற நீண்ட விருந்தைக் கால்வாசியாக்கினேன். கணப்பு நெருப்பின் முன் அவர்கள் தாழ்ந்த குரலில் பாடும் பாட்டை நீக்கினேன். இருட்டுக் குகையில் பில்போவும் அங்கே வாழும் கோல்லம் என்பவனும் போடுகிற விடுகதைப் போட்டியில் பாதி விடுகதைகளை எடுத்துவிட்டேன். துரத்தலும் சண்டையும் விறுவிறுப்பானவை என்று எண்ணி அவற்றில் கை வைக்கவில்லை. எல்லாம் முடிந்தபோது மூன்று மணி நாற்பது நிமிடம் வந்தது. ஒரே மூச்சில் பார்த்தேன். எட்டு மணி நேரத்தைவிட நீளமாக இருந்தது.

காரணம் புரிய இரண்டு நாளாயிற்று. விருந்தைக் குறைத்ததால் அந்தப் பதின்மூன்று பேரும் எனக்கு அந்நியர்களாகவே இருந்தார்கள். பாட்டை எடுத்ததால் அவர்கள் இழந்த வீடு எது என்பது மனத்தில் பதியவில்லை. யாரென்று தெரியாதவர்கள் எதற்கென்று தெரியாமல் பாலத்தின்மேல் ஓடினால், அந்த ஓட்டம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் பார்ப்பவன் மனம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆயா கேட்டதும் அதுவேதான். படத்தைத் தொய்வாக்கியது மெதுவான காட்சிகள் அல்ல, தேவைக்கு மேல் நீண்ட வேகமான காட்சிகள்தாம் என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். விருந்து முழுவதும் திரும்பி வந்தது, பாட்டும் வந்தது, விடுகதைகளில் ஒரு பிரேமைக்கூடத் தொடவில்லை. மாறாக, மலைப்பாதையில் கல் அரக்கர்கள் மோதுவது, முயல் வண்டித் துரத்தல், பூதக் குகை ஓட்டத்தின் பெரும்பகுதி, எரபோர் மலைக்குள் தங்கத்தை உருக்கி டிராகன்மேல் ஊற்றுகிற நீண்ட ஆரவாரம், மூன்றாம் படத்தில் ஆல்ஃப்ரிட் என்பவன் வரும் காட்சிகள், ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நீளும் போரில் பெரும்பகுதி எல்லாம் போயின. மந்திரவாதி கந்தால்ஃப் தனியே போய் டோல் குல்டூர் கோட்டையில் மாட்டிக்கொள்ளும் கிளைக்கதையையும் எடுத்தேன். முடிவில் நான்கு மணி இருபது நிமிடம். முன்னதைவிட நாற்பது நிமிடம் கூடுதல், ஆனால் பாதி நேரம்போல ஓடியது.

கடினமாக இருந்த இடம் ஒன்றைக் காட்டுகிறேன். நூலில் இல்லாத டாரியல் என்ற எல்ஃப் பெண்ணுக்கும் கீலி என்ற குள்ள இளைஞனுக்கும் படத்தில் ஒரு காதல் உண்டு. அது என் தொகுப்புக்கு வேண்டாம். ஆனால் பீப்பாய்களில் ஆற்றோடு போகும் காட்சியில் கீலியின் காலில் நச்சு அம்பு தைக்கிறது. அதனால்தான் அவன் ஏரி நகரத்திலேயே தங்கிவிடுகிறான்; அவனோடு வேறு மூவரும் அங்கே நின்றுவிடுகிறார்கள். காதலை அடியோடு வெட்டினால் அம்பையும் வெட்ட வேண்டும்; அம்பை வெட்டினால், மலைக்குப் போகிறவர்களில் நால்வரைக் காணோமே என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். மூன்று வாரம் பலவிதமாக முயன்றபின், அம்பு இருக்கட்டும், மருத்துவம் இருக்கட்டும், காதல் பேச்சு மட்டும் வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தேன். படுக்கையில் கிடக்கும் கீலியின் கை டாரியலின் விரல்களை நோக்கி நகர்கிறது. அது தொடுவதற்குப் பதினொரு பிரேம் முன்னால், நொடியில் பாதிக்கும் குறைவு, வெட்டினேன். காப்பாற்றியவளுக்குக் காப்பாற்றப்பட்டவன் நன்றி சொல்லக் கை நீட்டுகிறான் என்றே இப்போது தோன்றும். அதே இடத்தில் ஆறு பிரேம் தாமதித்து வெட்டினால் காதல் தெரிந்துவிடுகிறது.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தை வெட்டுவது எளிது. பின்னணி இசை நடுவில் அறுபடும்போது காது உடனே கண்டுபிடித்துவிடும். ஆறு தடங்கள் கொண்ட ஒலியில் வசனம் பெரும்பாலும் நடுத்தடத்தில் இருக்கிறது என்பதால், வெட்டு விழுந்த இடங்களில் அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றத் தடங்களை அடக்கி, படத்தின் வேறு பகுதியில் வசனமின்றி வரும் இசையை எடுத்துப் பொருத்தினேன். இரண்டாம் படத்தின் முடிவும் மூன்றாம் படத்தின் தொடக்கமும் சேருமிடத்தில் மட்டும் இந்த வேலையே தேவைப்படவில்லை. டிராகன் மலையிலிருந்து பறந்து கிளம்புகிறது, அடுத்த நொடி ஏரி நகரம் எரிகிறது. ஓராண்டு இடைவெளி விட்டு வந்த அந்த இரண்டு காட்சிகளும் ஒட்டிப் பிறந்தவைபோல் சேர்ந்துகொண்டன.

அடுத்த பங்குனியில், நிலா வெளிச்சம் வளவின் திறந்த முற்றத்தைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்து, பட்டாலைச் சுவரில் வேட்டியைக் கட்டித் திரையிட்டேன். ஆத்தங்குடி ஓட்டுத் தரையின் குளிர்ச்சியில் பிள்ளைகள் குப்புறப் படுத்துப் பார்த்தார்கள். விடுகதைப் போட்டி வந்தது. மூடியும் பூட்டும் இல்லாத பெட்டிக்குள் தங்கம் இருக்கிறதாம், அது என்ன என்று பில்போ கேட்பதை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள், கோல்லம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ஆயா “முட்டைதானே!” என்றார். பிள்ளைகள் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அதன்பிறகு ஒவ்வொரு விடுகதைக்கும் எல்லோரும் முந்திக்கொண்டார்கள். முதல் தொகுப்பில் நான் வெட்டி எறிந்த விடுகதைகளில் அதுவும் ஒன்று.

தேவகோட்டையிலிருந்து:

நீங்கள் சொன்ன ஒலிப் பிரச்சினையைப் படித்ததும் என் வேலைக்காலம் நினைவுக்கு வந்தது. நான் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு திரையரங்கில் ஆபரேட்டராக இருந்தவன். இரவுக் காட்சி முடிந்து கிராமத்து மக்கள் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்பதால், நீளமான படங்களில் எதையாவது குறைக்கும்படி மேலாளர் சொல்வார். எதைக் குறைப்பது என்பது என் பொறுப்பு.

பிளேடால் ஃபிலிமின் ஓரத்தைச் சுரண்டி, சிமெண்ட் தடவி, அழுத்தி ஒட்டுவோம். ஓர் அடியில் பதினாறு பிரேம், ஒரு நொடிக்கு இருபத்து நான்கு. ஆனால் ஃபிலிமில் ஒலிக்கோடு அதற்குரிய பிரேமுக்கு நேராக இருக்காது. ஏறத்தாழ இருபது பிரேம் முன்னால் இருக்கும். ஆகவே ஒரு பாட்டை வெட்டி எடுத்து ஒட்டினால், அடுத்த காட்சி திரையில் தொடங்கிவிட்ட பிறகும், வெட்டப்பட்ட பாட்டின் முதல் துளி ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவாக அதன்மேல் கேட்கும். முன்வரிசைக்காரர்கள் அதைக் கேட்டதும் “பாட்டைக் காணோம்!” என்று விசிலடிப்பார்கள். அதனால் பாட்டு தொடங்குமுன் ஒலியே இல்லாத இடமாகப் பார்த்து வெட்டப் பழகிக்கொண்டேன். வெட்டிய துண்டுகளைத் தகர டப்பாவில் பத்திரமாக வைத்து, படப்பெட்டி திரும்பிப் போகும் நாளில் மறுபடி சேர்த்து ஒட்டுவேன். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஓரிரு பிரேம் இல்லாமல் போகும்.

நீங்கள் கண்டுகொண்டதையே நானும் கண்டேன். தந்தை மகனோடு திண்ணையில் பேசுகிற காட்சியை எடுத்தால் மக்கள் கடைசியில் அழவில்லை. சண்டையில் மூன்று நிமிடத்தைக் குறைத்தால் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் இதை யாரிடமும் சொல்லிக்கொள்ள வாய்ப்பில்லை.

படம் எடுத்தபிறகும் திருத்துவது நம் பக்கத்து மனிதர்களுக்குப் பழக்கமானதுதான். காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன், 1945இல் வந்த ‘ஸ்ரீவள்ளி’யில் கதாநாயகியின் பாட்டுக்குரல் நிறைவு தராததால் பி.ஏ. பெரியநாயகியின் குரலைப் பதிவு செய்து பொருத்தினார். ஆனால் அவர் தம் படத்தைத் திருத்தினார். நானும் நீங்களும் பிறருடையதைத் திருத்தியிருக்கிறோம். அதனால்தான் நான் அந்தத் தகர டப்பாவை ஒருநாளும் தொலைத்ததில்லை.

நாட்டரசன்கோட்டையிலிருந்து:

நான் தமிழாசிரியர். கம்பன் அடங்கிய ஊரில் இருப்பதால் இந்தப் பேச்சு எனக்கு வேறுவிதமாகக் கேட்கிறது. கம்பனின் ஏடுகளில் பிற்காலத்தார் செருகிய பாட்டுகளை ‘வெள்ளிப் பாடல்’ என்கிறோம். ரசிகமணி டி.கே.சி. தம் செவிக்கும் மனத்துக்கும் கம்பனாகப் படாதவற்றையெல்லாம் இடைச்செருகல் என்று ஒதுக்கினார். சில இடங்களில் சொல்லையே மாற்றினார். அவர் ரசனையால் கம்பனிடம் வந்தவர்கள் ஏராளம். அதற்காக அவரைக் கடுமையாகக் கண்டித்த புலவர்களும் உண்டு. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்றே நான் வகுப்பில் சொல்வேன்.

என் மகனும் ஒரு மாயாஜாலப் படத்தை இப்படிக் குறைத்து என்னிடம் காட்டினான். நன்றாகவே இருந்தது. பிறகு மூலப்படத்தைப் பார்த்தபோதுதான், எனக்கு மிகவும் பிடித்திருக்கக்கூடிய ஒரு முதியவரின் காட்சியை அவன் எடுத்துவிட்டது தெரிந்தது. அதை அவன் எனக்குச் சொல்லவே இல்லை. பதிப்பாசிரியர் ஒரு பாட்டை ஒதுக்கினால் அடிக்குறிப்பில் சொல்வார். ‘மிகைப்பாடல்’ என்று பின்னிணைப்பிலாவது தருவார். தங்கள் தொகுப்பின் தொடக்கத்தில், இது மூலம் அன்று, இன்னின்ன பகுதிகள் நீக்கப்பட்டுள்ளன என்று ஓர் அட்டை இருக்கிறதா? இல்லையென்றால், அந்தப் பிள்ளைகளுக்குத் தாங்கள் காட்டியதே ஹாபிட் ஆகிவிடும்.

காரைக்குடியிலிருந்து:

ஐயா, தாங்கள் கேட்ட அட்டை அப்போது இல்லை. இன்று வைத்துவிட்டேன், மூலப்படங்களின் பெயர், ஆண்டு, நீளம், நான் எடுத்த பகுதிகளின் பட்டியல் ஆகியவை முதல் அரை நிமிடத்துக்கு ஓடும். தொகுப்பை நான் யாருக்கும் கோப்பாகத் தருவதில்லை. எந்த மணி, நிமிடம், நொடியில் எது வெட்டப்பட்டது என்ற குறிப்பை மட்டும் தருகிறேன். வட்டு வைத்திருப்பவர்கள் தாங்களே செய்துகொள்ளலாம்.

ஆபரேட்டர் ஐயா சொன்ன தகர டப்பாவைப் போலவே, வெட்டிய எல்லாவற்றையும் தொகுப்பு மென்பொருளின் டைம்லைனில் கடைசியாக வரிசையாக வைத்திருக்கிறேன். அது பயன்படவும் செய்தது. திரையிட்ட இரவில் எல்லோரும் எழுந்த பிறகு ஆயா மட்டும் உட்கார்ந்தே இருந்தார். “அந்தத் தலைவரு செத்துப்போனாரே, அவரை அப்படியே போட்டுட்டா போயிட்டாக? ஒரு காரியமும் பண்ணலையா?” என்றார். திரையரங்கில் வந்த மூன்றாம் படத்தில் குள்ளர் தலைவன் தோரினின் அடக்கம் இல்லை. பின்னால் வந்த 164 நிமிட விரிவான பதிப்பில்தான் அது இருக்கிறது. அந்த வட்டை வாங்கி, அடக்கக் காட்சியைச் சேர்த்தேன். இசை அறுபடாமல் இருக்க, அதற்கு முன் நான் வெட்டியிருந்த ஒரு மௌனமான காட்சியையும் திரும்ப எடுத்து வைக்க வேண்டியிருந்தது. இப்போது தொகுப்பு நான்கு மணி இருபத்தைந்து நிமிடம்.